மருமகன் வளர்த்த பூக்காடு

பூவை நேசிக்கிறவர்கள் எல்லாரும் நல்லவர்கள் என்று பலர் நம்புகிறார்கள். எனக்கு அந்த நம்பிக்கை இல்லை. என் அக்காவின் கணவர் பூவை நேசித்தவர். ஒருநாளும் குனிந்து ஒரு புல்லைப் பிடுங்காமல், ஒரு வாளி தண்ணீர் அள்ளாமல், எங்கள் வீட்டைச் சுற்றியிருந்த வளவில் ஒரு பூக்காடே வளர்த்தார். தண்ணீர் அள்ளி ஊற்றியது என் அம்மா.

அத்தான் கொழும்பில் ஒரு கந்தோரில் கிளாக்கராக இருந்தவர். எண்பத்துமூன்றாம் ஆண்டுக் கலவரத்தில் வீடு எரிந்து, உடுத்திருந்த சாரத்தோடு கப்பலில் வந்து இறங்கினார். அதில் நான் ஒரு குறையும் சொல்ல மாட்டேன். பட்ட பாடு பாடுதான். ஆனால் உடுவிலில் எங்கள் வீட்டு விறாந்தைக்கு வந்து சாய்மனைக் கதிரையில் சாய்ந்த மனிதர், பிறகு சாப்பாட்டுக்கும் கந்தோருக்கும் மட்டுமே எழும்பினார். யாழ்ப்பாணத்திலேயே அவருக்கு வேலை மாற்றம் கிடைத்திருந்தது. காலையில் சைக்கிளில் போய் மத்தியானச் சோற்றுக்குத் திரும்பி வந்துவிடுகிற மாதிரியான வேலை.

வீடு அக்காவுக்குச் சீதனமாக எழுதிய வீடு. சட்டப்படி பார்த்தால் அம்மாவும் நானும் அங்கே ஒட்டிக்கொண்டு இருந்தவர்கள். வீட்டுக்குப் பின்னால் ஒடுங்கிய ஒழுங்கை ஒன்றைத் தாண்டினால் ஆறு பரப்பு அளவில் செம்பாட்டு மண் தோட்டம். அது மட்டும் அம்மாவின் பெயரில் இருந்தது. அப்பா செத்த பிறகு அந்தத் தோட்டத்தில் வெங்காயமும் மிளகாயும் போட்டுத்தான் அம்மா அக்காவைக் கட்டிக்கொடுத்தார், என்னைப் படிப்பித்தார். நான் பக்கத்தூர்ப் பள்ளிக்கூடம் ஒன்றில் கணக்குப் படிப்பித்துக்கொண்டிருந்தேன். என் சம்பளம் வந்த பிறகும் அம்மா தோட்டத்தை விடவில்லை. "மண்ணிலை கை வைக்காட்டி எனக்கு நித்திரை வராது" என்பார்.

அம்மா பழைய காலத்து மனுஷி. மருமகனுக்கு முன்னால் நின்று முகம் பார்த்துக் கதைக்க மாட்டார். அவருக்குச் சொல்ல வேண்டியதை எனக்கோ அக்காவுக்கோ சொல்வார். ஒருவரும் இல்லாவிட்டால் கதவு நிலையைப் பார்த்துச் சொல்வார். "சோறு போட்டாச்சு, சாப்பிடலாம்" என்று கதவுக்குச் சொல்லிவிட்டு உள்ளே போவார். எட்டு வருடத்தில் அவர்கள் நேருக்கு நேர் பேசி நான் பார்த்ததில்லை. இதற்கு மரியாதை என்று பெயர். எனக்கு அந்த மரியாதையைக் கண்டால் வயிறு எரியும்.

தொண்ணூறில் திரும்பச் சண்டை தொடங்கி, யாழ்ப்பாணத்துக்குச் சாமான் வருகிற பாதை பூட்டப்பட்டது. கரண்ட் போனது, சீனி போனது, சவர்க்காரம் போனது, யூரியா போனது. பனங்கட்டித் துண்டைக் கடித்துக்கொண்டு தேத்தண்ணீர் குடிக்கப் பழகினோம். அத்தானுக்குப் பனங்கட்டி சரிவரவில்லை. எங்கிருந்தோ இரண்டு தேனீப் பெட்டிகளைக் கொண்டுவந்து கிணற்றடிக்கு அப்பால் வைப்பித்தார். வைத்த கையோடு கந்தோரில் கிடைத்த பழைய ஆங்கிலச் சஞ்சிகை ஒன்றைத் தூக்கிக்கொண்டு விறாந்தையில் பிரசங்கம் தொடங்கினார்.

"தேனீக்கு வேணுமெண்டது காட்டுப்பூ. வெள்ளைக்காரன் இதுக்கெண்டே நிலம் ஒதுக்கி வளக்கிறான். இஞ்சத்தை ஆக்கள் விடியக்காலமை எழும்பி வளவைக் கூட்டிக் கூட்டியே பூச்சியளைப் பட்டினி போட்டிட்டுதுகள்."

எங்கள் வளவில் நாலு வேம்பு நின்றது. முருங்கை நின்றது. எல்லை நெடுகப் பனை நின்றது. தேனீக்கள் பெட்டியை விட்டு வெளிக்கிட்டு நேரே முருங்கைக்குப் போய், நேரே திரும்பி வந்துகொண்டிருந்தன. கண் உள்ளவர்களுக்கு அது தெரியும். ஆனால் வேம்பும் முருங்கையும் சஞ்சிகையில் இல்லையே.

அன்றிலிருந்து கிழக்குப் பக்க வளவில் விளக்குமாறு படக்கூடாது என்று உத்தரவு. தும்பை வந்தது, நாயுண்ணி வந்தது, ஆவாரை வந்தது. எங்கள் ஊரில் வளவைக் கூட்டாமல் விட்டால் அந்த வீட்டில் யாரோ செத்துவிட்டார்கள் அல்லது சண்டை பிடித்துக்கொண்டார்கள் என்று அர்த்தம். ஒழுங்கையால் போகிறவர்கள் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, "பத்தைக்காடு வளக்கினமோ?" என்று கேட்டுச் சிரித்தார்கள். அம்மா தலையைக் குனிந்துகொண்டு தோட்டத்துக்குப் போவார். அத்தானோ சிரிப்பவர்களுக்கும் தேனீயைப் பற்றி வகுப்பெடுத்தார்.

பிறகுதான் அந்த வெள்ளைப் பூ வந்தது. இந்திய அமைதிப்படை விட்டுப் போன முகாம் ஒன்றின் வேலியோரம் அது காடாக நின்றதாம். கந்தோரால் வருகிற வழியில் கண்டு, சைக்கிள் கரியரில் சாக்கால் சுற்றிக் கட்டிக்கொண்டு வந்தார். பிடுங்கிக் கொடுத்தது யாரென்று தெரியாது, அவராக இராது. இடுப்பளவு உயரம், கொத்தமல்லி மாதிரி வெட்டுவிழுந்த இலை, கிளை நுனியெல்லாம் கற்கண்டுத் துணிக்கை அளவில் வெள்ளைப் பூ. பார்க்க வடிவுதான், அதை நான் மறுக்கவில்லை. நட்டது அக்கா. விடியவும் பின்னேரமும் கிணற்றில் அள்ளி ஊற்றியது அம்மா. ஆறு மாதத்துக்குள் தும்பையையும் ஆவாரையையும் அது விழுங்கிவிட்டது. நாயுண்ணி மட்டும் வேலியில் ஏறித் தப்பியது.

"பாத்தியளே, என்ன செழிப்பு!" என்றார் அத்தான். பக்கத்து வீட்டுக் கலியாணத்துக்குப் பெண் கையில் பிடிக்கிற பூச்செண்டில் செருகவும் இந்தப் பூவைக் கொடுத்தனுப்பினார். கொழும்பில் பூச்செண்டுக்குப் போடுகிற பூ இதைவிடத் திறமில்லையாம்.

தேன் எடுத்தார்கள். அரைப் போத்தல் வந்தது. அத்தான் அதைக் கரண்டியும் கையுமாகக் கொண்டு திரிந்து, கந்தோர்ப் பெரியவர் வீட்டுக்கும் ஊர்ப் பெரியவர்கள் வீட்டுக்கும் தீர்த்தம் மாதிரிக் கொடுத்தார். அம்மாவுக்கு அதில் ஒரு துளி கிடைத்ததாக எனக்கு ஞாபகம் இல்லை.

அடுத்த புரட்டாசியில் தோட்டத்துக்குக் குழை தாழ்க்க வேண்டும். பச்சை இலையும் கொப்புமாக வெட்டி, சாலில் போட்டு, மிதித்து மண்ணால் மூடுவதுதான் குழை தாழ்ப்பது. செம்பாட்டு மண்ணுக்கு அதுதான் உரம். முந்தி வன்னியிலிருந்து லொறி லொறியாகக் குழை வரும். பாதை பூட்டினதும் அது நின்றுபோனது. வேலிப் பூவரசையெல்லாம் சனம் விறகுக்கும் பங்கர்க் குழிகளை மூடவும் வெட்டி முடித்திருந்தது. அம்மா குழைக்கு எங்கே போவது என்று கவலைப்பட்டுக்கொண்டிருந்தபோது அத்தான் சாய்மனைக் கதிரையிலிருந்து அருள்பாலித்தார்.

"என்ரை பூக்காடு ஒருதரம் பூத்து முடிஞ்சுது. அதை வெட்டித் தாழ்க்கச் சொல்லுங்கோ. திரும்பத் தளிர்க்கும்."

அம்மாவின் முகத்தில் எழுந்த சந்தோஷத்தை இன்று நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. மருமகன் தன் தோட்டத்தைப் பற்றி நினைத்தாரே என்று அம்மா இரண்டு நாள் அதையே சொல்லிக்கொண்டிருந்தார். அம்மாவும் அக்காவும் வெட்டினார்கள், கட்டினார்கள், தலையில் சுமந்தார்கள், வெறுங்காலால் சாலில் போட்டு மிதித்தார்கள். அத்தான் குடை பிடித்துக்கொண்டு வரம்பில் நின்று, இப்படிப் போடு, அப்படிப் போடு என்று சொல்லிக்கொண்டிருந்தார். பூவில் வித்து இருக்கிறதே, இதைத் தாழ்த்தால் தோட்டம் முழுக்க முளைக்காதா என்று கேட்க அங்கே ஒருவருக்கும் தோன்றவில்லை. யூரியா இல்லாத காலத்தில் பச்சையாக எதைக் கண்டாலும் எங்கள் சனத்துக்கு அது குழைதான்.

மூன்றாம் நாள் அம்மாவின் கழுத்து சிவந்தது. பிறகு முழங்கை மடிப்பு, புறங்கை, கண் இமை. சொறியச் சொறியத் தடித்தது. தடித்த இடம் வெடித்து நீர் வடிந்தது. ஊர் கூடி விசக்கடி என்று முடிவு கட்டியது. எங்கள் ஊரில் காரணம் தெரியாத எல்லாவற்றுக்கும் ஏதோ ஒரு பூச்சி கடித்திருக்கும். பரியாரி வந்து பார்த்து, உப்பில்லாப் பத்தியமும் ஒரு தூளும் தந்து, தூளைத் தேனில் குழைத்துக் கொடுக்கச் சொன்னார். அத்தானுக்கு அது பெரிய வெற்றி. மிச்சமிருந்த தேனை ஒரு சிறு குப்பியில் ஊற்றி அக்காவிடம் நீட்டி, "மாமிக்குக் கொடும். இதுதான் மருந்து" என்றார்.

வீட்டுக்குள் கிடந்ததும் அம்மாவுக்குச் சுகம் வந்தது. மழை விழுந்ததும் தோட்டத்துக்குப் புல்லுப் பிடுங்கப் போனார். சொறி இரண்டு மடங்காகத் திரும்பி வந்தது. மறுபடி பத்தியம், மறுபடி சுகம், மறுபடி தோட்டம், மறுபடி சொறி. இதற்குள் ஊரில் இது தொற்றுகிற வருத்தம் என்று வேறு கதை கிளம்பிவிட்டது. கோயிலில் அம்மா திருநீற்றுத் தட்டில் கை வைத்தால் பக்கத்தில் நின்ற பெண்கள் ஒரு அடி தள்ளி நின்றார்கள். அந்தப் பெண்கள் ஒவ்வொருத்திக்கும் அம்மா தன் தோட்டத்து வெங்காயம் சும்மா கொடுத்திருக்கிறார்.

ஒரு பின்னேரம் குசினியில் அம்மாவின் கைக்கு வேப்பெண்ணெய் பூசிக்கொண்டிருந்தேன். அவராகவே சொன்னார்.

"பிள்ளை, இது விசக்கடி இல்லை. உந்த வெள்ளைப் பூதான்."

"எப்பிடியம்மா தெரியும்?"

"தண்ணி ஊத்தேக்கை கை கடிக்கும். முதல் வரியமே கடிச்சது. இப்ப தோட்டம் முழுக்க முளைச்சு நிக்குது. அதுக்குள்ளை போனால் காத்துப் பட்டாலே எரியுது."

"ஒரு வரியமாத் தெரிஞ்சும் ஏனம்மா ஒருத்தருக்கும் சொல்லேல்லை?"

அம்மா என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். "மருமோன் ஆசையா வளக்கிறார். அவருக்கு எப்பிடிச் சொல்லுறது?"

எண்ணெய்ச் சிரட்டையை நான் அடுப்படியில் எறிந்தேன். எனக்கு அப்போது அத்தானில் வந்த கோபத்தைவிட அம்மாவில் வந்த கோபம்தான் கூட. தன் தோலை விட மருமகனின் ஆசை பெரிதாகிப் போன ஒரு மனுஷியை என்ன செய்வது?

அன்று இரவுச் சாப்பாட்டில் நானே சொன்னேன். அத்தான் புட்டைப் பிசைந்துகொண்டு சிரித்தார்.

"மச்சாள், நீர் கணக்கு ரீச்சர். தாவரம் எப்பிடி மனிசரைக் கடிக்கும்? எனக்கு ஒண்டும் செய்யேல்லையே. மாமிக்கு ரத்தம் கெட்டுப்போச்சு. வயசு."

"நீங்கள் அதிலை ஒரு நாளாவது கை வச்சனீங்களோ அத்தான்?"

அவருக்குப் புட்டு விக்கியது. அக்கா என்னைப் பார்த்து முறைத்தாள். அவளுடைய கண் இமைகளும் சிவந்து வீங்கித்தான் இருந்தன. கேட்டால் அடுப்புப் புகை என்பாள். எங்கள் வீட்டுப் பெண்கள் புருஷனுக்காகவும் மருமகனுக்காகவும் புகையில் பழியைப் போடுவதில் கெட்டிக்காரிகள்.

கார்த்திகையில், யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் இருக்கிற பல்கலைக்கழகக் கம்பஸில் வேலை செய்கிற எங்கள் தூரத்துச் சொந்தக்காரர் ஒருவர் தேன் கிடைக்குமா என்று கேட்டு வந்தார். வாசல் படலையடியில் சைக்கிளை நிறுத்தியவர் கிழக்குப் பக்கத்தைப் பார்த்துவிட்டு உள்ளே வரவில்லை.

"ஐயோ, உது பார்த்தீனியமெல்லே! வேலியிலை போன ஓணானைப் பிடிச்சு மடியிலை கட்டியிருக்கிறியள். தோல் போகும், நெஞ்சு போகும். ஒருதரம் ஒத்துக்கொள்ளாமல் போனால் சாகுமட்டும் அந்த ஆளுக்கு அது ஒத்துக்கொள்ளாது."

"கம்பஸிலை உங்களுக்கு இது தெரியுமோ?" என்று கேட்டேன்.

"ஓம், வந்த நேரமே தெரியும்."

"அப்ப ஏன் சனத்துக்குச் சொல்லேல்லை?"

"ஒருத்தரும் வந்து கேக்கேல்லையே" என்றார் அவர். கழுவுகிற மீனில் நழுவுகிற மீன் அந்த மனிதர். சைக்கிளைத் திருப்பிக்கொண்டு தேன் கேட்காமலே போய்விட்டார்.

இனியாவது பிடுங்குவார் என்று நினைத்தேன். அத்தான் மூன்று நாள் யோசித்தார். யோசித்து, தை மாதம் தேன் எடுக்கிறவரைக்கும் பூ நிற்கட்டும், அதற்குப் பிறகு பார்ப்போம் என்று தீர்ப்புச் சொன்னார். காட்டைப் பிடுங்கினால் பூச்சி ஓடிவிடுமாம்.

மார்கழி பிறந்தது. வெங்காயம் நடுகிற மாதம். தோட்டம் முழுக்க வெள்ளையாகப் பூத்து நின்றது. அம்மா அப்பாவின் பழைய முழுக்கைச் சேட்டைப் போட்டு, தலையைத் துவாயால் சுற்றி, கையில் சொக்ஸ் மாட்டிக்கொண்டு பிடுங்கப் போனார். மத்தியானம் திரும்பி வந்தபோது இரண்டு கண்ணும் மூடியிருந்தன. நான் கையைப் பிடித்து நடத்தி வந்தேன். விறாந்தையில் அத்தான் இருந்தார். அம்மா என் கையை விட்டார். கதவுக்குப் பின்னால் போகவில்லை. அவருக்கு நேரே போய் நின்றார்.

"தம்பி, உங்கடை பூவும் தேனும் எனக்கு வேண்டாம். வளவிலை நிக்கிறதைப் பிடுங்கி எறியுங்கோ. காத்தோடை வித்து தோட்டத்துக்கு வருகுது. என்ரை தோட்டம் எனக்கு வேணும்."

குரல் உயரவே இல்லை. கெஞ்சவும் இல்லை. என் வாழ்நாளில் அம்மாவை நினைத்து நான் பெருமைப்பட்ட நாள் அது.

அத்தான் எழுந்தார். உள்ளே போய் இரண்டு சேட்டையும் ஒரு சாரத்தையும் பையில் வைத்துக்கொண்டு, சைக்கிளை எடுத்து, வடமராட்சியில் இருந்த தன் தாய்வீட்டுக்குக் கோபித்துக்கொண்டு போய்விட்டார். மாமியார் முகத்துக்கு நேரே கதைத்தாராம். இந்த வீட்டில் தனக்கு மதிப்பில்லையாம்.

அவர் போன மறுநாளே நான் கையில் பொலித்தீன் பையைக் கட்டிக்கொண்டு கிழக்குப் பக்கக் காட்டை அடியோடு பிடுங்கிக் குவித்து எரித்தேன். அந்த வாரத்தில் தேனீக்கள் பெட்டியை விட்டு எழும்பி எங்கேயோ போயின. பூவைப் பிடுங்கியதால்தான் போனது என்று அத்தான் இப்போதும் கனடாவிலிருந்து தொலைபேசியில் சொல்லுகிறார். போகட்டும். ஆனால் தோட்டத்தை என்னால் வெல்ல முடியவில்லை. பள்ளிக்கூடம் முடிந்து வந்து ஒரு பக்கத்தைப் பிடுங்கி முடிப்பேன்; மழை ஒன்று விழும்; மறுபக்கம் முளைத்துவிடும். அம்மா ஒழுங்கை வரை வந்து நின்று பார்ப்பார். வரம்பில் கால் வைத்தால் முகம் வீங்கும். நடுகைக் காலம் எங்கள் கண்ணுக்கு முன்னாலேயே கடந்து போனது. தோட்டத்தைக் குத்தகைக்குக் கொடுத்தோம். ஒத்துக்கொள்ளும் போது அம்மா அழவில்லை. "மண் சும்மா கிடக்கக்கூடாது" என்று மட்டும் சொன்னார்.

வீட்டுக்குள்ளே வேறு கூத்து நடந்தது. அக்கா சாப்பிடாமல் கிடந்தாள். பெரியம்மா வந்து, "மருமோன் கோவிச்சுப் போன வீடெண்டு ஊர் சிரிக்குது. நீ போய் ஒரு சொல்லுச் சொன்னால் குறைஞ்சே போயிடுவாய்?" என்று அம்மாவைக் கரைத்தார். தோல் உரிந்து கிடந்தவரைப் பார்த்து ஊர் சிரிக்கவில்லை. சாய்மனைக் கதிரை வெறுமையாகக் கிடந்ததுதான் ஊருக்குச் சிரிப்பு. நான் எவ்வளவோ கத்தினேன். கெடுகுடி சொற்கேளாது. கடைசியில் அம்மாவைச் சைக்கிள் கரியரில் ஏற்றி, வடமராட்சிக்கு வல்லை வெளிக் காற்றுக்கு எதிராக மிதித்துக்கொண்டு போனதும் நான்தான். அங்கே அம்மா அவருடைய தாயிடம், "தம்பியை மனசிலை ஒண்டும் வச்சிருக்க வேண்டாமெண்டு சொல்லுங்கோ. நான் கதைச்சது பிழை" என்றார். அத்தான் உள்ளறையில் இருந்து கேட்டுக்கொண்டிருந்தார். வெளியே வரக்கூட இல்லை.

பொங்கலுக்கு வந்தார். வெறுமையாகக் கிடந்த கிழக்குப் பக்கத்தைப் பார்த்துவிட்டுப் பெருமூச்சு விட்டு, எங்களையெல்லாம் மன்னித்தவர் போலக் கிணற்றடியில் கால் கழுவிக்கொண்டு உள்ளே போனார். அம்மா விடியத் தொடங்கிச் சமைத்திருந்தார். நானும் அக்காவும் எவ்வளவு சொல்லியும் கேட்காமல், உளுந்து அரைத்து, வெடித்த விரல்களில் உப்புப் பட எரிய எரிய, தன் கையாலேயே வடை தட்டியிருந்தார். மருமகன் திரும்பி வந்த முதல் சாப்பாடு அல்லவா.

அத்தான் பாயில் இருந்தார். இலை போட்டோம். அம்மா வடைத் தட்டோடு வந்து குனிந்து, ஒரு வடையை எடுத்து அவர் இலையில் வைத்தார். அத்தான் அந்தக் கையைப் பார்த்தார். பிறகு மிகவும் மெதுவாக, அன்பாகத்தான் சொன்னார்.

"மாமி, குறை நினையாதேங்கோ. கையிலை இப்பிடிப் புண்ணோடை சாப்பாட்டுச் சாமான் தொடாதேங்கோ. நாலு பேர் வந்துபோற வீடு."

அக்கா எழுந்து அம்மாவின் கையிலிருந்து தட்டை வாங்கினாள். "ஓம், நீங்கள் தொடாதேங்கோ அம்மா" என்றாள். அன்றிலிருந்து அந்த வீட்டில் அம்மா உலை வைக்கவில்லை, காய் நறுக்கவில்லை. நாங்கள் போட்டுக் கொடுத்ததைச் சாப்பிட்டார்.

அன்று தட்டைக் கொடுத்த கையோடு அம்மா பின்பக்கத்தால் இறங்கிக் கிணற்றடிக்குப் போனார். தோட்டத்தைக் கொடுத்தபோது அழாத மனுஷி, துவைக்கிற கல்லில் இருந்து இரண்டு கையையும் மடியில் விரித்து வைத்துக்கொண்டு அழுதார். நான் அவருக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். வீட்டுக்குள்ளே அத்தான் இன்னொரு வடை கேட்டது எங்கள் இருவருக்கும் கேட்டது.